பச்சை மீனும் பரம்பரை வழக்கமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு புழுவைப் பற்றியது. கடவுளைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் புராணத்தைப் பற்றியும் பேசுகிற இந்த மேடையில் ஒரு புழுவுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அந்தப் புழுவின் சங்கதியைக் கேட்டு முடித்த பிறகு, அது இந்த மேடைக்கு உரியதுதானா அல்லவா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் பாட்டன்மார் சயாம் என்று சொல்லிவந்த தேசத்துக்கு இன்று தாய்லாந்து என்று பெயர். அதன் வடகிழக்கு ஜில்லாக்கள் சேர்ந்த பகுதியை ஈசான் என்று சொல்லுகிறார்கள். இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. நம்மூரில் வீடு கட்டுகிறவர்கள் ஈசானிய மூலை என்று சொல்லி, பூஜை அறைக்கு இடம் விடுகிறார்களே, அதே வடமொழிச் சொல்தான் கப்பலேறிப் போய் அங்கே ஒரு பிரதேசத்துக்குப் பெயராயிருக்கிறது. சாஸ்திரப்படி அது ஈசுவரன் வாசம் செய்யும் திக்கு; சகல சம்பத்தும் கூடும் மூலை. ஆனால் உலகத்திலேயே பித்தக் குழாயில் உண்டாகும் புற்றுநோய் மிக அதிகமாயிருக்கிற இடம் எதுவென்றால், அந்த ஈசானிலுள்ள கொன் கேன் என்கிற மாகாணந்தான். 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் அங்கே லட்சம் ஆண்களுக்கு வருஷத்தில் 80-க்கு மேற்பட்டவர்களுக்கு இந்த வியாதி கண்டது. பெரும்பாலான மேல்நாடுகளில் இது லட்சத்துக்கு 1 அல்லது 2 பேருக்குத்தான் வருகிறது. திக்கின் மகிமை இவ்வளவுதான்!

இதற்குக் காரணம் என்ன? ஈசான் ஜனங்கள் பெரும்பாலும் நெல் விளைவிக்கும் ஏழைக் குடியானவர்கள். வயலிலும் குளத்திலும் பிடிக்கிற சிறு மீன்களைப் பச்சையாகவே கொத்தி, அதில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, மிளகாயும் வறுத்த அரிசிப் பொடியும் தழைகளும் போட்டுப் பிசைந்து, ஒட்டும் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். இதற்குக் கொய் பிளா என்று பெயர். வேலைக்காட்டில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை, செலவும் இல்லை, ருசியும் உண்டு. பலபேர் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து உண்பார்கள். இதிலே ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. ஆனால் அந்த மீனுக்குள் ஈரல் புழுவின் குஞ்சு இருக்கிறது.

இந்தப் புழு மனிதனிடத்தில் வந்து சேரும் வழியைக் கொஞ்சம் கவனியுங்கள். புழு பிடித்த மனிதனுடைய மலத்தோடு அதன் முட்டை வெளியே வருகிறது. அது வயல் தண்ணீரிலோ குளத்திலோ போய்ச் சேர்ந்தால், அங்கே இருக்கும் ஒரு சின்ன நத்தை அதைத் தின்கிறது. நத்தையின் உடலுக்குள் அந்த ஒரு முட்டை அனேகம் குஞ்சுகளாய்ப் பெருகி, வாலுள்ள சிறு பூச்சிகளாக வெளிப்பட்டுத் தண்ணீரில் நீந்துகிறது. அவை கெண்டை இனத்து மீன்களின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, சதையில் கண்ணுக்குத் தெரியாத கூடு கட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. அந்த மீனை வேகவைக்காமல் மனிதன் தின்றால், கூடு அவனுடைய குடலில் கரைந்து, உள்ளிருந்த குஞ்சு பித்தம் இறங்கி வரும் குழாய் வழியாக மேலே ஏறி ஈரலுக்குள் குடிபுகுந்துவிடுகிறது. ஒரு மாதத்தில் அது வளர்ந்து முட்டையிடத் தொடங்குகிறது. பூனையும் நாயும் அந்த மீனைத் தின்றாலும் இப்படியே. வளர்ந்த புழு தட்டையாய், ஒரு சிறு இலையைப் போல, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத நீளம் உள்ளது. ஆனால் அது மனித உடலில் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். இதற்கு உறவான சீன தேசத்து ஈரல் புழு இருபது வருஷத்துக்கு மேலும் இருந்ததுண்டு.

இவ்வளவு காலம் ஒரு பிராணி ஈரலில் இருந்தால் என்ன செய்யும்? முதலில் ஒன்றும் செய்வதில்லை. அதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. புழு பிடித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வெகுகாலம் ஒரு தொந்தரவும் தெரியாது. சிலருக்கு வலது விலாவின் கீழ் மந்தமான வலி, பசியின்மை, வயிற்று உப்புசம், களைப்பு இவை வரும். அவர்களும் இதை அஜீரணம் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். உள்ளேயோ, புழு தன் உறிஞ்சிகளால் பித்தக் குழாயின் உட்சுவரைப் பற்றிப் பற்றிப் புண்ணாக்குகிறது. அந்தப் புண் ஆறுவதும் மறுபடி புண்ணாவதுமாய் வருஷக்கணக்கில் நடக்கிறது. நாளடைவில் குழாயின் சுவர் தடித்துத் தழும்பேறி விறைத்துப் போகிறது. பித்தம் சரியாக ஓடாமல் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் கல் உண்டாகலாம், கிருமி சேர்ந்து குளிரும் காய்ச்சலும் வரலாம், ஈரலில் சீழ்க்கட்டி உண்டாகலாம், பித்தப்பை வீங்கலாம், குழாய் அடைபட்டால் கண்ணும் தோலும் மஞ்சளாகிக் காமாலை காணும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, சிலருக்கு அந்தக் குழாயிலேயே புற்றுநோய் உண்டாகிறது. புழு வெளிப்படுத்தும் சில பொருள்கள் அருகிலுள்ள மனித அணுக்களைப் பெருகும்படி தூண்டுகின்றன என்றும், ஓயாத அழற்சி அந்த அணுக்களின் மூலத்தையே கெடுக்கிறது என்றும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1994-ஆம் வருஷத்திலேயே இந்தப் புழுவை, மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகமில்லாதவைகளின் ஜாபிதாவில் சேர்த்துவிட்டது. புகையிலையும் அதே ஜாபிதாவில்தான் இருக்கிறது. இந்தப் புற்று அனேகமாய் நாற்பது வயதுக்கு மேல்தான் வெளிப்படுகிறது. வெளிப்படும்போது பெரும்பாலும் அறுத்து எடுக்கும் காலம் கடந்துபோயிருக்கும். அப்படிப்பட்டவர்களில் ஒரு வருஷம் தாண்டுகிறவர்கள் குறைவு. குடும்பத்தில் சம்பாதிக்கிறவன் சாகும் வயதும் அதுதான்.

நாம் விஷயத்தை மிகைப்படுத்த விரும்பவில்லை. புழு பிடித்த எல்லோருக்கும் புற்று வருவதில்லை, பெரும்பாலோருக்கு வருவதேயில்லை. ஆனால் தாய்லாந்திலும் பக்கத்திலுள்ள லாவோஸ் முதலிய தேசங்களிலும் இந்தப் புழு பிடித்தவர்கள் ஏறக்குறைய 1 கோடி பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கோடிப் பேரில் ஒரு சிறு பங்கென்றாலும் அது எத்தனை ஆயிரம் பிணங்கள் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிற்க. இனி நாம் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருவோம். அந்த ஊர்ப் பெரியவரிடம் போய், ஐயா, பச்சை மீன் தின்னாதீர்கள் என்று சொன்னால் அவர் என்ன சொல்லுவார்? “எங்கள் அப்பன் தின்றான், பாட்டன் தின்றான், எனக்கும் அறுபது வயதாகிறது, நானும் தின்றுகொண்டுதான் இருக்கிறேன், என்ன ஆயிற்று?” என்பார். இந்தப் பதில் உங்கள் காதுக்குப் பழக்கமானதாயிருக்கிறதல்லவா? நாம் எந்த ஊருக்குப் போய் எந்த வழக்கத்தைக் கண்டித்தாலும், வைதீகர் எடுத்து நீட்டுகிற பதில் இதுதானே! இத்தனை நாள் நடந்து வந்ததே, இத்தனை பேர் செய்தார்களே, என்ன குறைந்துபோயிற்று என்பதுதானே அவர்களுடைய வேதத்துக்கெல்லாம் மேலான வேதம்!

தோழர்களே! இந்தப் பதில் எவ்வளவு பொய்யானது என்பதைக் காட்டுவதற்கு ஈரல் புழுவைப் போன்ற சாட்சி வேறு கிடைக்காது. நெருப்பைத் தொட்டால் உடனே சுடுகிறது. ஆகவே நெருப்பைத் தொடாதே என்று யாருக்கும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இன்று தின்ற மீனுக்கு முப்பது வருஷம் கழித்து வட்டியும் முதலுமாய் வசூலாகிறதென்றால், தின்றவனுக்கு மீனின் ஞாபகம் இருக்குமா? முப்பது வருஷத்தில் பத்தாயிரம் வேளை சோறு தின்று, எத்தனையோ வேலை செய்து, எத்தனையோ கோவிலுக்குப் போய் வந்த பிறகு ஒருநாள் கண் மஞ்சளானால், விதி என்பான், முன்வினை என்பான், எவனோ செய்த சூனியம் என்பான். ஒரே வீட்டில் தகப்பனும் பிள்ளையும் அண்ணனும் தம்பியும் இப்படியே செத்தால், குடும்ப சாபம் என்பான். சாபம் ஒன்றுமில்லை; எல்லோரும் ஒரே பாத்திரத்தில் உண்டார்கள் என்பதுதான் காரணம். கொன் கேனில் இந்த வியாதிக்கு அறுவை செய்யும் வைத்தியரான நரோங் குந்திகேயோ என்பவருடைய தாயும் தகப்பனும்கூட இந்தப் புற்றினாலேயே இறந்தார்கள். அவர் அதைச் சாபம் என்று சொல்லிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கிராமம் கிராமமாய்ப் போய் ஜனங்களுடைய ஈரலை ஸ்கேன் செய்து பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டார்.

ஆகவே தனி மனிதனுடைய அனுபவம் என்பது மெள்ளக் கொல்லும் விஷயத்தில் ஒரு பிரமாணமே ஆகாது. பலபேருடைய அனுபவத்தைச் சேர்த்து, எண்ணி, தின்றவனையும் தின்னாதவனையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும். விஞ்ஞானம் என்பது இதுதான். ஈரல் புழுவின் உண்மை எப்படி வெளிவந்தது தெரியுமா? எந்த முனிவருடைய ஞான திருஷ்டியிலும் அது தோன்றவில்லை. சீன தேசத்து ஈரல் புழு முதல்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நமது இந்தியாவில், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில்தான். அங்கே இறந்த ஒரு சீனத் தச்சனுடைய உடலை அறுத்துப் பார்த்தபோது பித்தக் குழாய்களில் இருந்த புழுக்களைப் பற்றி மெக்கானல் என்னும் வைத்தியர் 1875-இல் எழுதி வெளியிட்டார். 1910-ஐ ஒட்டி ஜப்பானில் கோபயாஷி என்பவர் அது மீன் வழியாக வருகிறதென்று காட்டினார். 1918-இல் மூத்தோ என்பவர் நத்தையைக் கண்டுபிடித்தார். தாய்லாந்துப் புழு மனிதரிடத்தில் இருப்பது 1911-இல் அந்நாட்டு வடபகுதியில் சியாங் மாய் சிறையிலிருந்த கைதிகளிடத்தில் தெரிய வந்தது. இப்படிப் பல தேசத்தார், பல ஜாதியார், பல மதத்தார், ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடங்கி, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாகக் கோர்த்தார்கள். பிணத்தைத் தொட்டால் தீட்டு, மலத்தைப் பார்த்தால் தீட்டு, கடல் கடந்தால் தீட்டு என்று இருந்தவர்களால் இந்தக் காரியம் நடந்திருக்குமா என்பதை யோசித்துப் பாருங்கள்.

அடுத்தபடியாக, பாதி அறிவின் ஆபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சை மீனில் ஏதோ கெடுதல் இருக்கிறதென்று அந்த ஜனங்களுக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மீன் வெளுத்துப் போகிறதல்லவா, ஆகையால் அது வெந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். மிளகாய்க் காரத்தில் புழு செத்துவிடும் என்கிறார்கள். கூடவே சாராயம் குடித்தால் உள்ளே போன புழு பிழைக்காது என்கிறார்கள். இவை ஒன்றும் உண்மையல்ல. புளிப்பும் காரமும் சாராயமும் அந்தக் குஞ்சைக் கொல்லமாட்டா. நெருப்பில் நன்றாய் வெந்தால்தான் அது நிச்சயமாய்ச் சாகும். சில நாள் மட்டும் உப்பிட்டுப் புளிக்கவைத்த மீனும் அபாயமானதுதான்.

இனி மருந்தின் கதையைக் கேளுங்கள். 1970-களில் ஜெர்மனியில் பிரசிகுவான்டல் என்ற மாத்திரை கண்டுபிடிக்கப்பட்டது. அதை வைத்தியர் சொல்லும் அளவில் சாப்பிட்டால், ஓரிரண்டு நாளில் புழு செத்து வெளியேறிவிடும். இது மனித அறிவின் பெரிய வெற்றி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பிறகு என்ன நடந்தது? மாத்திரை இருக்கிறதே என்று ஜனங்கள் மறுபடியும் பச்சை மீன் தின்றார்கள், மறுபடி புழு, மறுபடி மாத்திரை. இதை நினைக்கும்போது நமக்கு நம் நாட்டுப் பிராயச்சித்தம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. வருஷமெல்லாம் அக்கிரமம் செய்துவிட்டு, ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டால் கணக்குத் தீர்ந்தது, மறுநாளிலிருந்து புதுக்கணக்கு! கடவுளிடத்தில் இந்தக் கணக்கு செல்லுகிறதோ என்னவோ, ஈரலிடத்தில் செல்லுவதில்லை. மாத்திரை புழுவைக் கொல்லுமேயொழிய, பல வருஷத்துத் தழும்பை முழுதும் அழித்துவிடாது. உண்டாகிவிட்ட புற்றைக் குணப்படுத்தாது. அடுத்த மீனிலிருந்து வரும் புழுவையும் தடுக்காது. புழு பிடிப்பதும் மருந்து தின்பதுமாய் மாறி மாறி நடப்பதே அபாயத்தை அதிகப்படுத்தக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் ஐயப்படுகிறார்கள். எண்ணம் மாறாத இடத்தில் மாத்திரையும் ஒரு தீர்த்தமாகிவிடுகிறது.

இவ்வளவு நேரம் நாம் பேசியதைக் கேட்டு ஒரு கூட்டத்தார் சந்தோஷப்படலாம். “பார்த்தீர்களா, மீன் தின்றால் இப்படித்தான்! அதனால்தான் எங்கள் பெரியவர்கள் மாமிசத்தை விலக்கினார்கள்!” என்று அவர்கள் கிளம்பலாம். அவர்களுக்கு இன்னொரு ஈரல் புழுவைக் காட்டுகிறோம். நம் ஊர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஈரலில் தட்டைப் புழு இருப்பதைக் குடியானவர்களும் கசாப்புக் கடைக்காரர்களும் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்துப் புழு மனிதனுக்கும் வருவதுண்டு. எதன் வழியாகத் தெரியுமா? மீன் வழியாக அல்ல. தண்ணீர்ப் பாங்கான இடத்தில் முளைக்கும் கீரையைப் பச்சையாய்த் தின்பதன் வழியாக! தென் அமெரிக்காவில் பொலிவியா தேசத்து மேட்டு நிலத்தில் அது மிக அதிகம். பாரசீக தேசத்தில் கீலான் என்ற மாகாணத்தில் 1989-இல் பதினாயிரம் பேருக்கு மேல் அது பிடித்தது. அதற்குப் பச்சை மீன் புழுவின் மாத்திரையும் கேட்பதில்லை. வேறு மருந்து வேண்டும். ஆகையால் புழுவுக்குச் சைவமும் தெரியாது, அசைவமும் தெரியாது. வெந்ததும் வேகாததுந்தான் தெரியும். நம் வீட்டு மீன் குழம்பு கொதித்து இறங்குகிறதனால் அதில் இந்தப் பயமில்லை. அது நம் சாஸ்திரத்தின் பெருமையல்ல, அடுப்பின் பெருமை.

இன்னொரு விஷயம். அந்த ஜனங்களை முட்டாள்கள் என்று நாம் சொல்லவரவில்லை. அப்படி நினைப்பது நமக்கு அழகுமல்ல. மீனில் புழு வருவதற்கு முன், மலம் தண்ணீரில் சேர வேண்டும். கக்கூஸ் இல்லாத வீடும், இருந்தாலும் அதன் கழிவை வயலிலும் குளத்திலும் கொண்டுபோய்க் கொட்டுகிற ஏற்பாடும் ஏழையின் குற்றம் மாத்திரம் ஆகுமா? பட்டணத்து வைத்தியன் வந்து, தின்னாதே என்று கட்டளையிட்டுவிட்டுக் காரில் ஏறிப்போனால் அவன் பேச்சை யார் கேட்பார்கள்? கொன் கேன் பல்கலைக்கழகத்தார் இதை உணர்ந்துதான் லாவா என்ற ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் 2007 முதல் வேறு வழியில் வேலை செய்தார்கள். மாத்திரை கொடுத்ததோடு நிற்காமல், கிராமத்துத் தொண்டர்களையே பழக்கி வீடு வீடாய்ப் பேசச் செய்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் புழுவின் வாழ்க்கையைப் பாடமாக்கினார்கள். நத்தையையும் மீனையும் பரீட்சித்தார்கள். பூனைக்கும் நாய்க்கும்கூட மருந்து கொடுத்தார்கள். அதன் பயனாகப் பாதிப் பேருக்கு மேல் புழு இருந்த கிராமங்களில் அது 100-க்கு 10-க்கும் கீழே இறங்கியது. ஈசான் முழுவதையும் பார்த்தாலும், 1980-களின் தொடக்கத்தில் 100-க்கு 34 பேரிடம் இருந்த புழு, 2009-இல் எடுத்த கணக்கில் ஏறக்குறைய 17 பேரிடந்தான் இருந்தது. முப்பது வருஷத்தில் பாதி குறைந்தது என்று சந்தோஷப்படலாம். ஆனால் மீதிப் பாதி எதனால் நிற்கிறது? பாட்டன் தின்றான் என்பதனால்தான் பெரும்பாலும் நிற்கிறது.

தோழர்களே! ஈசான் வெகு தூரத்தில் இருக்கிறது. நம்மில் பச்சை மீன் தின்கிறவர்கள் இல்லை. ஆனால் காமாலை நம் ஊரிலும் வருகிறது. வந்தால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? வேப்பிலை அடித்து மந்திரிக்கிறார்கள். காமாலை என்பது ஒரு தனி வியாதியன்று; அது ஓர் அடையாளம். கிருமியால் வரலாம், கல்லால் வரலாம், கட்டியால் வரலாம், குடியால் வரலாம். தானாகவே ஆறக்கூடிய காமாலை ஆறினால் மந்திரக்காரனுக்குப் பெயர். அடைப்பினால் வந்த காமாலையில் ஆள் செத்தால் விதிக்குப் பெயர்! இந்த வியாபாரத்தில் மந்திரக்காரனுக்கு என்றைக்காவது நஷ்டம் உண்டா? கண் மஞ்சளான மனிதன் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குப் பதில் மந்திரத்தில் கழிக்கும் ஒவ்வொரு வாரமும், அறுத்து எடுக்கக்கூடிய வியாதியை எடுக்க முடியாததாக ஆக்கிவிடலாம். இதை ஊர் ஊராய்ப் போய்ச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை.

கடைசியாக ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறோம். ஒரு வழக்கம் பழையது என்பதற்காக அதை அழிக்க வேண்டுமென்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. பழையதாயிருந்தாலும் நல்லதாயிருந்தால் இருக்கட்டும். ஆனால் அது நல்லதா என்று பரீட்சித்துப் பார்க்கும் உரிமை ஒவ்வொரு மனிதனுக்கும் இருக்க வேண்டும். இத்தனை காலம் நடந்ததே, என்ன ஆயிற்று என்று இனி யாராவது உங்களைக் கேட்டால், என்ன ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தவர் யார், எத்தனை பேரை எண்ணினார், எத்தனை வருஷம் எண்ணினார் என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் வருகிற வரையில் அந்த வழக்கத்தை உங்கள் பிள்ளைகளுக்கு ஊட்டாதீர்கள் என்பதுதான் நாம் உங்களைக் கேட்டுக்கொள்ளுவது.